வீடு என் பெயரில்தான்

அன்பு மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். உண்மையில் சுகமா இல்லையா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பசித்தால் சாப்பிடுகிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது. உன் கை எப்படி இருக்கிறது? பல் கட்டும் வேலைக்கு விரல்கள் நன்றாக மடங்க வேண்டுமே. புது இடத்தில் உன்னை அவசரப்படுத்தாமல் வேலை வாங்குகிறார்களா என்று எழுது.

தீர்ப்பு வந்ததை உன் வக்கீலம்மா அன்றைக்கே சொல்லியிருப்பார். நீ இந்த வீட்டில் குடியிருக்கலாம், என் மகன் உன்னை நெருங்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் சாட்சி சொன்ன நாளில் நீ அங்கே இல்லை. அன்றைக்கு நடந்ததை மற்றவர்கள் வாயால் நீ கேட்பதைவிட நான் சொல்வது நல்லது என்று தோன்றியது. போனில் வேண்டாம். போன் என்றால் நீ அழுவாய், நான் இந்தப் பக்கம் மரம் மாதிரி நிற்பேன். இருவருக்கும் வீண் வேலை.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவனுடைய வக்கீல் வீட்டுக்கு வந்தார். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நின்று, வாங்கம்மா, உட்காருங்கள் என்றார். என் வீட்டில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். பிறகு என்னை வீட்டுக்காரம்மா என்று அழைத்துப் பேசத் தொடங்கினார்.

இந்த வீடு என் பெயரில் இருப்பது உனக்குத் தெரியும். மாமா ஏதோ வரிக் கணக்குக்காக அப்படிப் பதிவு செய்தார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். அதற்குப் பிறகு சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்றுகூட யாரும் என்னைக் கேட்டதில்லை. மாமா போனதும் இவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். முன்னறையை என்னோடு வேலை பார்க்கிற பெண்ணுக்கு வாடகைக்கு விடலாமா என்று ஒரு முறை கேட்டேன். இது என்ன உன் வீடாம்மா என்று சிரித்தான். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். நாமும் சிரித்தோம்.

இப்போது வக்கீல் எனக்கு விளக்கிச் சொன்னார். பெண்களுக்குச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான உரிமை உண்டாம். அதற்காக எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்களாம். வீடு என்னுடையது என்பதால் மகனுக்கே அதில் பாத்தியதை கிடையாதாம், அப்புறம் மருமகளுக்கு எங்கிருந்து வரும் என்றார். நான் கோர்ட்டில் இரண்டு விஷயம் சொன்னால் போதும். வீடு என்னுடையது. நீ இங்கே விருந்தாளி மாதிரி வந்து தங்கியவள், நீ மறுபடி வருவதில் எனக்குச் சம்மதம் இல்லை. உன் கை எலும்பு முறிந்ததைப் பற்றி யாராவது கேட்டால், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் உரிமையை ஒருவர் இவ்வளவு அக்கறையாகப் பேசிக் கேட்டதே இல்லையா, வேடிக்கை பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயரில் வீடு இருந்ததற்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு பிரயோஜனம் வந்திருக்கிறது. அதுவும் இன்னொரு பெண்ணை வெளியே தள்ளுவதற்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது என்றான் உன் வீட்டுக்காரன். வக்கீல் அவனைக் கையமர்த்தி, அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்றார். நான் தலையை ஆட்டியதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கோர்ட்டுக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. காற்றாடி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. நீதிபதி ஒரு பெண். மூக்குக்கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். உன் வீட்டுக்காரன் முன் பெஞ்சில் இருந்தான். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்காமல் நின்றது. போய்ச் சரி செய்யலாம் என்று என் கை எழுந்தது. அந்தக் கையைத்தான் கூண்டுக் கட்டையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ செய்து கொடுத்த பல்செட் போட்டிருந்தேன், கவலைப்படாதே. வார்த்தை வழுக்கவில்லை.

வீடு உங்களுடையதா என்று அவனுடைய வக்கீல் கேட்டார். ஆமாம் என்றேன். மருமகள் உங்கள் வீட்டில் விருந்தாளியாகத்தானே தங்கியிருந்தார் என்றார்.

“இல்லீங்க. அந்த வீட்டுல விருந்தாளியா இருந்தது நான்தான். அவ குடியிருந்தா,” என்றேன்.

இதை யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்தது. வக்கீல் சிரித்து, அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை போல என்றார். நீதிபதி எழுத்தரைப் பார்த்து, சொன்னதை அப்படியே பதிவு செய்யுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டார். தங்கள் பக்கம் பேச வந்தவர் மாறிப் பேசினால் அப்படிச் சொல்வார்களாம். நான் எங்கேயும் மாறவில்லை, நின்ற இடத்தில்தான் நின்றேன். பிறகு அவரே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். கை முறிந்ததை நான் பார்க்கவில்லைதானே என்றார். பார்த்தேன் என்றேன். நீ வேலையிலிருந்து தாமதமாக வந்ததையும், அவன் உன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கியதையும், நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் விடாததையும், எலும்பு முறிந்த சத்தத்தையும் சொன்னேன். நனைந்த படுக்கைவிரிப்பை உதறினால் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி இருந்தது என்றேன். பெற்ற மகனைப் பற்றி ஒரு தாய் இப்படிப் பேசுவாளா என்று கேட்டார். அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நீதிபதி என் பக்கம் திரும்பி, வீட்டு உரிமையாளராக உங்களைக் கேட்கிறேன், மருமகள் அங்கே குடியிருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்றார்.

“அந்த வீட்டுக்கு யாரும் என்னைக் கேட்டு வந்ததும் இல்ல, போனதும் இல்லம்மா. நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க. அவ இருக்கட்டும்,” என்றேன்.

அவ்வளவுதான். இறங்கி, பஸ் பிடித்து, மீதி அரை நாள் வேலைக்குப் போய்விட்டேன். அறுவை அறைத் துணிகள் குவிந்து கிடந்தன. மடித்து முடித்தேன். யாராவது பார்த்திருந்தால் பல் டாக்டரிடம் போய் வந்தவள் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் போல இருக்குமே, உனக்குத் தெரியாததா.

தீர்ப்பின் நகல் ஒன்றை உன் வக்கீலம்மா எனக்கும் கொடுத்தார். மெதுவாகப் படித்தேன். வீடு யார் பெயரில் இருந்தாலும், மணமாகி வந்து வாழ்ந்தவளைப் பத்திரத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. ஒரு தாயின் கருணை உள்ளம் உண்மையைப் பேச வைத்தது என்று. அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கருணையால் நான் எதுவும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். என் வீட்டில் யார் இருக்கலாம் என்று கேட்டார்கள், அதற்குப் பதில் சொன்னேன். மாமா அந்தக் கூண்டில் நின்று இதையே சொல்லியிருந்தால், உரிமையாளர் சாட்சியம் அளித்தார் என்று எழுதியிருப்பார்கள், அவர் உள்ளத்தைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். உன் வக்கீலம்மாவிடம் சொன்னேன். அதை நாங்கள் இன்னும் ஜெயிக்கவில்லை என்றார்.

அவன் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனான். என்னோடு பேசவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொள் என்றேன். எடுக்கவில்லை. இப்போது வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கியிருக்கிறானாம். உன் நாத்தனார் போனில் என்னைத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

பூட்டு மாற்ற ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் வாசலில் நின்று, வீட்டுக்காரர் இல்லையா, அவர் சொன்னால்தான் பூட்டில் கை வைப்பேன் என்றார். நான்தான் வீட்டுக்காரர் என்றேன். என் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தார். புதுச் சாவி ஒன்றை இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றி அனுப்புகிறேன். முன்னறையில் நல்ல வெளிச்சம் வரும், உன் வேலைக்கு மேசை போடலாம். சுவருக்கு நிறம் அடிக்கவில்லை. நீ சொன்னால் அடிக்கலாம்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு உன்னை வா என்று கூப்பிடக் கூடாது. கோர்ட்டில் அத்தனை பேர் முன்னால் சொன்னவள்தான் நான். நாளைக்கே அவன் நனைந்துகொண்டு வாசலில் நின்று அம்மா என்றால், என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. திறக்காது என்று உன்னிடம் சத்தியம் செய்து தர என்னால் முடியவில்லை. நீ இருந்தால் திறக்காது என்று நினைக்கிறேன். நினைப்பதை நம்பி நீ பெட்டி கட்ட வேண்டாம்.

வருவது உன் உரிமை, கடமை இல்லை. அங்கேயே இருப்பதென்றாலும் எனக்கு வருத்தம் கிடையாது. சாவி உன்னிடம் இருக்கட்டும். நீ எங்கே இருந்தாலும் சரி, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறையாகப் பார்த்துக்கொள். அதைப் போட்டுக்கொண்டு, கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, நன்றாகத் தூங்கு, மகளே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அத்தை