பிரஷர் மெஷினின் சின்னப் பட்டை

ஜெயிலரம்மா,

பிரஷர் மெஷின் அதிகம் காட்டுகிறது என்று கட்டிய புருஷனைக் கடைக்கு விடாமல் வீட்டுக்குள் அடைத்தாய். உப்பில்லாச் சோறும் ஜன்னல் கம்பியுமாகக் கிடந்தேன். தராசைச் சோதிக்காமல் சரக்கெடுக்கிற வம்சமா நான்? நேற்று நீ மார்க்கெட் போனதும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு நழுவினேன். அங்கே அளந்தால் எனக்கு எல்லாம் சரி. நர்ஸம்மா நம் மெஷினின் கையில் சுற்றும் பட்டையைப் பார்த்துச் சிரித்தார். "உங்க புஜத்துக்கு இது சின்னதுங்க, அதிகமாத்தான் காட்டும். ஒல்லிக் கைக்குச் சரியாக் காட்டும்."

குதித்துக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்குக் கற்றுக்கொடுக்க முதலில் உன் கையில் கட்டிக் காட்டினாயே, அன்று நூற்றெழுபது. "எனக்கேவா? பைத்தியக்கார மெஷின்!" என்று கழற்றிப் போட்டாய். உன் கை ஒல்லி.

இதில் பேரம் கிடையாது. உனக்கு டோக்கன் எடுக்கப் போகிறேன். எழுந்ததும் கிளினிக்குக்கு வந்துவிடு.

சோறு மூடிவைத்திருக்கிறேன். இன்று உனக்கும் உப்பில்லை.

இன்னொன்று: கடைச் சாவி நீ ஒளித்த அரிசி டப்பாவிலேயே இருக்கிறது. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். உன் பிரஷர் இறங்கும்வரை நானும் உள்ளேதான்.