உனக்கு இருந்த பரீட்சை

அக்கா,

இன்று காலை வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து முந்திரிக்கொட்டை வறுத்த புகை நாற்றம் வந்தது. பருப்பின் வாசனை இல்லை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் கருகுமே, தொண்டையில் இறங்கி அங்கேயே நிற்குமே, அந்த நாற்றம். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். விடியற்காலையில் கொட்டை உடைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறியிருப்பாள். நோட்டை நீட்டியபோது அவள் விரல்களைப் பார்த்தேன். நுனித்தோல் உரிந்து, நகக்கண்கள் கறுத்திருந்தன. உன் விரல்கள்.

அப்போதுதான் பலகையில் ‘ஹேவ்’ என்று எழுதியிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போய்விட்டேன்.

நான் இப்போது பெரம்பலூரில் ஒரு டுட்டோரியலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு தகரக் கொட்டகை. இங்கிலீஷில் கோட்டை விட்டவர்கள்தான் வருகிறார்கள். எல்லாப் பாடத்திலும் தேறி, இந்த ஒரு பாடத்தில் மட்டும் விழுந்து, அதனாலேயே வயல்வேலைக்கும் செங்கல் சூளைக்கும் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள். ஒரு மொழியைக் கதவில் பூட்டாக மாட்டி வைத்துவிட்டு, உள்ளே வர உனக்குத் தகுதி இல்லை என்று சொல்கிறது இந்த நாடு. அந்தப் பூட்டுக்குச் சாவி செய்து விற்கிற கடையில் எனக்குச் சம்பளம். உனக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பாய். "நீயாடா? வாத்தியாரா?" என்று என் மண்டையில் தட்டியிருப்பாய்.

நாம் இருவரும் சேர்ந்தே விழுந்தோம். நீ என்னைவிட மூத்தவள். வயசுக்கு வந்ததும் ஒரு வருடம் உன்னை வீட்டில் உட்கார வைத்ததால் என் வகுப்பிலேயே வந்து சேர்ந்தாய். பழைய பதினோராம் வகுப்பு. மற்ற எல்லாவற்றிலும் என்னை மிஞ்சினாய், இங்கிலீஷில் மட்டும் என்னோடு சேர்ந்து விழுந்தாய். அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும். அப்பா தோப்பு முதலாளியிடமிருந்து வறுத்த கொட்டையை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கட்டையால் தட்டித் தட்டி ஓட்டை உடைப்போம். பருப்பு முதலாளிக்கு. உரிந்த தோல் நமக்கு.

அங்கே உட்கார்ந்துதான் படித்தோம். எனக்கு அந்த ஹேவ் மட்டும் ஏறவே இல்லை. "ஹேவ்னா வச்சிருக்கறது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீடு வைத்திருக்கிறேன், மாடு வைத்திருக்கிறேன், சரி. புத்தகத்தில் ஹேவ் எ பாத் என்று இருந்தது.

"குளியலை எவனாவது வச்சிருப்பானா?" என்று கட்டையைப் போட்டேன்.

"வச்சிருப்பான். இங்கிலீஷ்காரன் எல்லாத்தையும் வச்சிருப்பான்" என்றாய். "குளிச்சா ஹேவ். தின்னா ஹேவ். காய்ச்சலடிச்சா ஹேவ். சந்தேகம் வந்தா ஹேவ். சண்டை போட்டாக்கூட ஹேவ்தான். நாம அடிக்குது, வலிக்குது, பசிக்குதுன்னு ஒண்ணொண்ணுக்கும் ஒரு சொல்லு வச்சிருக்கோம். அவன் ஒரே சொல்லுல எல்லாத்தையும் தன் பேருக்கு எழுதிக்கிட்டான். அதான் ஊரைப் புடிச்சான்."

பிறகு அதையே விளையாட்டாக்கினாய். நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நிலம்? இல்லை. வெள்ளாடு? போன வருடமே விற்றாகிவிட்டது. தலைவலி? "ஐ ஹேவ் எ ஹெட்டேக்!" என்று கையைத் தூக்குவாய். இருமல்? "மை ஃபாதர் ஹேஸ் எ காஃப்!" அப்பா உள்ளேயிருந்து, "என் பேரை எதுக்கு இழுக்கறீங்க?" என்று இருமிக்கொண்டே கேட்பார். நமக்குக் குடல் வலிக்கும் அளவுக்குச் சிரிப்பு.

"பாத்தியாடா, தமிழ்ல ஒண்ணுமில்லாதவங்க. இங்கிலீஷ்ல நம்மகிட்ட எம்புட்டு இருக்கு!"

அன்றைக்குப் பிறகு ஹேவ் எனக்குத் தவறியதே இல்லை. பெயர்ச்சொல்லைப் பார்த்ததும் அது நம் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடுவேன். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் பசி. அப்பாவின் பாயில் இருமல். உன் கண்ணில் சந்தேகம்.

ஆங்கில இரண்டாம் தாள் அன்றைக்குத்தான் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரம்பலூரில் ஆபீஸ் கிளார்க். நம் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கவர்மெண்ட் மாப்பிள்ளை என்பது அதற்கு முன் நடக்காதது. அப்பா, பரீட்சை இருக்கிறது என்று வாயைத் திறக்கவே பயந்தார். "வெள்ளனவே வந்துடுவாங்க, பாத்துட்டுப் பஸ்ஸைப் புடிச்சிடலாம்" என்று உன்னைச் சமாதானப்படுத்தினார். நீயும் நம்பினாய். அத்தையிடம் இரவல் வாங்கிய பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாய். ஹால் டிக்கெட்டை எங்கே வைப்பது என்று பார்த்தாய். பிறகு என் சட்டைப் பையில் என்னுடையதோடு சேர்த்து வைத்து, தட்டிப் பார்த்துக்கொண்டாய்.

"நீதான் கொடுத்து வச்சவன்டா. ஹி ஹேஸ் எ பாக்கெட்."

அவர்கள் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, சித்தப்பா. கேசரி வைத்தோம், காப்பி வைத்தோம். வழக்கமாகப் பாடத் தெரியுமா என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, "புள்ள இங்கிலீஷ் படிக்குதாமே? எங்க, நாலு வார்த்தை பேசு தாயி, கேப்போம்" என்றார்.

நீ தலை நிமிர்ந்தாய். மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாய்.

"ஐ ஹேவ் ஆன் எக்ஸாம் டுடே."

சித்தப்பா தொடையில் அடித்துக்கொண்டார். "அடேங்கப்பா! மெட்ராஸ்காரியாட்டம்ல பேசுது!"

"என்னடா சொல்லுச்சு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இன்னிக்குப் பரீட்சை இருக்குதாம்" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லி, அந்த அம்மா காலி டம்ளரை நீட்டினார். "காப்பி நல்லாருக்கு. இன்னும் ஒரு வாய் இருந்தா குடு தாயி."

நீ டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாய். அக்கா, அந்த அறையில் எல்லோருக்கும் நீ சொன்னது புரிந்தது. தமிழில் பெயர்த்தும் சொல்லியாகிவிட்டது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அப்பாவின் முகத்தில் பெருமை. என் முகத்திலும் இருந்தது. நீ பேசிய இங்கிலீஷில் பிழை இல்லையே என்ற பெருமை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகத்தை எங்கேயாவது கொண்டுபோய்ப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "பஸ்ஸு போயிடும். நீயாச்சும் ஓடு. அது மார்ச்சுல எழுதிக்கும்."

ஓடினேன். மூச்சிரைக்க அரியலூர் பஸ்ஸில் ஏறி, இடம் கிடைத்ததும் சந்தோஷப்பட்டேன். பரீட்சை அறை வாசலில் ஹால் டிக்கெட்டைக் கேட்டபோதுதான் பையில் கைவிட்டேன். இரண்டு வந்தன. ஒன்றில் உன் முகம். ஒரு கணம் பார்த்துவிட்டு, இனி எங்கே வரப்போகிறாய் என்று நினைத்து அதைத் திரும்பப் பைக்குள் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். நீ வரமாட்டாய் என்று எல்லோரையும் போல நானும் முடிவு கட்டிவிட்டேன்.

நீ வந்தாய். மாப்பிள்ளை வீட்டார் தெருமுனை தாண்டியதும் பின்பக்கமாக இறங்கி ஓடி, முந்திரி மூட்டை ஏற்றிய லாரியைக் கைகாட்டி நிறுத்தி, பட்டுச்சேலையோடு அதில் ஏறி வந்தாய். நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாத்தியார் உள்ளே வந்து, "வாசல்ல ஒரு பொண்ணு நிக்குது, ஹால் டிக்கெட் தம்பிகிட்ட இருக்குங்குது. யார்றா அது?" என்று கேட்டார். எழுந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதை என் மேஜையில் வைத்தார். "வந்தப்ப உள்ள விட டைம் இருந்துச்சுப்பா. இதைத் தேடி எடுக்கறதுக்குள்ள போயிடுச்சு. ரூல்ஸு. நீ எழுது."

எழுதினேன். உன் ஹால் டிக்கெட் மேஜை ஓரத்தில் கிடக்க, நான் எழுதினேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஹேவ். ஒரு பக்கம் வினைச்சொற்கள், ஒரு பக்கம் பெயர்ச்சொற்கள், பொருத்தி வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இருந்தது, குளியல் இருந்தது, சந்தேகம் இருந்தது. நம் வீடு அப்படியே வினாத்தாளில் இருந்தது. ஒன்றுகூட எனக்குத் தவறவில்லை.

வெளியே வந்தபோது பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாய். சேலை முந்தியில் லாரியின் கரி. அழுதிருக்கவில்லை. திட்டவும் இல்லை. இடுப்பில் செருகியிருந்த இலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாய். கேசரி.

"தின்னு. காலையிலேந்து ஒண்ணுமே திங்கலியே நீ."

பசி. நின்றபடியே தின்றேன். பாதி போன பிறகுதான் நீ சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் மீதியைக் கொடுக்க வேண்டியிருக்கும். கேட்கவில்லை. இலையில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றேன்.

"ஹேவ் வந்துச்சாடா?" என்றாய்.

வாய் நிறைந்திருந்தது. தலையை ஆட்டினேன்.

"எல்லாம் எழுதினியா?"

"ம்."

"அப்ப நான் பாஸு" என்று சிரித்தாய்.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டுச்சேலையோடு லாரியில் ஏறிய பெண் என்று ஊர் பேசியது. பேச்சு பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் அப்பா அவசரமாகத் தேதி குறித்தார். மார்ச்சுக்கு முன்பே உன்னை அனுப்பிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. விருந்தாளி வரும்போதெல்லாம், "எங்க வூட்டுக்காரி லாரி ஏறி இங்கிலீஷ் பரீட்சைக்குப் போனவ" என்று சொல்லிச் சிரிப்பார். அவ்வளவுதான். "அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்பார். ஒவ்வொரு அடுத்த தடவையும் அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது இருக்கும். மாமியாருக்கு மூட்டுவலி இருக்கும், நாத்தனாருக்கு வளைகாப்பு இருக்கும்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது காய்ச்சலோடு மாவாட்டிக்கொண்டிருந்தாய். கண் மஞ்சளாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். "இருடா, இதுவாச்சும் எனக்குன்னு இருக்கட்டும். ஐ ஹேவ் எ ஃபீவர்" என்றாய். நானும் சிரித்தேன். ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து நீ திரும்பவில்லை. போன வருடம் இதே மாதம்.

நான் அன்று எழுதிய பரீட்சையில் தேறினேன். கல்லூரிக்குப் போனேன். இந்தத் தகரக் கொட்டகையில் சாக்பீஸ் பிடிப்பது அந்தத் தேர்வினால்தான். உன் விளையாட்டைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்று கேட்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மறக்காமல் எழுதுகிறார்கள். என்னைக் கெட்டிக்கார வாத்தியார் என்கிறார்கள். அது என்னுடையது இல்லை என்று இதுவரை ஒரு நாளும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

இன்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, அந்த ஜன்னலோரப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஹால் டிக்கெட் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு சார்."

"எங்க இருக்கு?"

"எங்கண்ணன் சட்டைப் பையில சார்."

வகுப்பில் யாருக்கும் அதில் எதுவும் தோன்றவில்லை. "இன்னிக்கே வாங்கிடு. உன் கையிலயே வச்சுக்க. யார்கிட்டயும் குடுக்காத" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவள் பயந்துபோய்த் தன் பாவாடையைப் பார்த்தாள், தாவணியைப் பார்த்தாள், கறுத்த விரல்களைப் பார்த்தாள்.

"எங்க சார் வச்சுக்கறது? எனக்குத்தான் பை இல்லையே."

பலகைப் பக்கம் திரும்பி, ஹேவ் என்ற சொல்லுக்குக் கீழே முதல் வாக்கியத்தை எழுதினேன். ஐ ஹேவ் எ பாக்கெட். எழுதும்போது இடது கை தானாகப் போய் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தது. அன்று காலையில் நீ தட்டிப் பார்த்தாயே, அதே இடம்.