லேபல் இல்லாமல் நான் தந்த கிரீம்

இன்று காலை கடைச் சோதனைக்கு வந்த அதிகாரி ஒரு முகக் கிரீமின் மூடியைத் திறந்து பார்த்தார். ரோஜா வாசனை கல்லாப்பெட்டி வரை வந்தது. கூடவே உன் முகமும் வந்தது.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். என்னென்ன சேர்ந்திருக்கிறது, இறக்குமதி செய்தவர் யார், எந்தத் திகதி வரை பாவிக்கலாம், எல்லாம் லேபலில் இருந்தன. "பதுளையில இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிற கடை குறைவும்மா" என்று மெச்சிவிட்டுப் போனார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் அப்பாவின் ஃபேன்சி கடைக்கு வந்தேன், நீ ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் கேலி செய்வாய். வெயிலில் நின்று நின்று உன் கன்னத்தில் கருந்திட்டாய் மங்கு விழுந்திருந்தது. "மலையில கொழுந்து வளருதோ இல்லையோ, என் மூஞ்சியில மேப் நல்லா வளருதுடி" என்று நீயே சிரிப்பாய்.

அப்போது எங்கள் கடையில் ஒரு வழக்கம். முழு டப்பா வாங்க முடியாதவர்களுக்காக, பெரிய டப்பாவில் வரும் கிரீமைக் கரண்டிக் காம்பால் அள்ளிச் சின்ன டப்பிகளில் நிரப்பி விற்போம். உதவி செய்கிறோம் என்றுதான் நினைப்பு. டப்பிக்கு லேபல் கிடையாது. டப்பா வந்த பெட்டியில் இருந்ததோ எனக்குப் புரியாத எழுத்து. "நல்லா போற சரக்கு" என்றார் கொழும்பு வியாபாரி. அது எனக்குப் போதுமாக இருந்தது.

சில வாரங்களிலேயே உன் முகம் வெளுத்தது. தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேரை நீயே என்னிடம் அனுப்பினாய். இரண்டு வருடம் விடாமல் பூசினாய். பிறகு கால் வீங்கியது, கண்ணிமை வீங்கியது. சில கிரீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொன்ன டொக்டர், நீ பூசியதைக் கொண்டுவரச் சொன்னார். உன் டப்பியில் துளியும் மிச்சமில்லை. கழுவித் திருநீறு போட்டு வைத்திருந்தாய். உன் மகள் என்னிடம் ஓடிவந்தாள்.

"சின்னம்மா, கிரீம் வந்த பெட்டி இருக்கா? டொக்டர் கேக்குறாரு."

பெட்டி என் காலடியில், மேசைக்குக் கீழே இருந்தது. அதிகாரிகள் வந்து கடையைப் பூட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். "அதெல்லாம் எப்பவோ எரிச்சாச்சும்மா. அது வெறும் மூலிகை, அதால ஒண்ணும் ஆகாது" என்றேன். அவள் போன பிறகுதான் எரித்தேன். அன்றோடு அந்தச் சரக்கை நிறுத்தினேன். ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

நீ பிழைக்கவில்லை. கிரீம்தான் உன்னைக் கொண்டுபோனதா என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. தெரிந்துகொள்ள இருந்த வழியை அடுப்பில் போட்டவள் நான்.

அதிகாரி போன பிறகு, மத்தியானம் உன் மகள் வந்தாள். அவளும் இப்போது கொழுந்தெடுக்கிறாள். கன்னத்தில் உன்னைப் போலவே மங்கு.

"அம்மாவுக்குக் குடுத்தீங்களே, அந்த மூலிகைக் கிரீம் இருக்கா சின்னம்மா?"

"இப்ப வர்றதில்லம்மா."

"பரவால்லங்க. லுணுகலையில ஒரு கடையில டப்பியில விக்கிறாங்களாம், அங்க போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை.

"அன்னைக்கு நான் வந்தப்ப பெட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

கையை உருவிக்கொண்டாள். லுணுகலை பஸ்ஸில் ஏறவில்லை, ஸ்பிரிங்வெளி பஸ்ஸில்தான் ஏறினாள். பிறந்ததிலிருந்து சின்னம்மா என்று கூப்பிடாமல் அவள் என்னிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். இனி அதைத்தான் சுமக்க வேண்டும்.