ஷட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்த கார்

என் பிரியமான என்னங்க,

உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை. இருந்த காலத்தில் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன். அப்போதே நாலு தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போது காது கேட்கிறதோ என்னவோ. வீட்டில் ஒன்று நடந்துவிட்டது, அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

நீங்கள் போனது ஒரு சனிக்கிழமை. கார் ஷெட்டில் வண்டியைத் துடைத்துவிட்டு வெளியே வந்தவர், ஷட்டரைத் தாண்டியதும் விழுந்தீர்கள். சனிப் பிணம் தனிப் போகாது என்று அத்தை அத்தனை அழுகைக்கு நடுவிலும் ஒரு கோழிக்குஞ்சுக்கு ஆள் அனுப்பினார்கள். பாடையில் அதைக் கட்டிவிட்டால், போனவர் துணைக்கு வீட்டில் வேறு யாரையும் தேட மாட்டாராம். நான் கூடாது என்றேன். வீட்டில் கோழி அடிக்கிற அன்றைக்கு இலையை விட்டு எழுந்து போகிற மனிதர் நீங்கள். உங்களோடு ஒரு குஞ்சைக் கட்டி அனுப்புவதா? ஊரே பார்க்க உங்களைப் பெற்றவர்களை எதிர்த்துப் பேசினேன். அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அன்றிலிருந்து அத்தை எங்களை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். மாமா இருமினால் எழுந்து உட்காருவார்கள். நான் கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே வருவார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்குள் சலித்துக்கொண்டேன். மாமாவோ அதற்கு நேர்மாறு. பயமும் இல்லை, பேச்சும் இல்லை. சோற்றைப் பிசைந்து பாதியில் வைத்துவிட்டு எங்கோ எழுந்து போவார். பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போகிறார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

போன சனிக்கிழமை, நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் லீவு. உச்சி வெயிலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் ஓடுகிற சத்தம் கேட்டது. தெருவில் வண்டி எதுவும் இல்லை. பெல்ட் லேசாக முனகுகிற அந்தச் சத்தம் நம் காருடையது. நீங்கள் போனபிறகு எனக்குத் தெரிந்து அதை யாரும் ஸ்டார்ட் செய்ததே இல்லை. ஷெட்டின் ஷட்டர் தரையோடு மூடிக் கிடந்தது, சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். பிரிட்ஜ் மேல் இருந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அத்தை ஷட்டர் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

“தொறக்காதத்தா. உள்ள இருக்கது அவன். வந்துட்டான்.”

பேய்க்கு எதற்குக் கார் சாவி என்று கேட்டேன். வாய்தான் அப்படிக் கேட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, உள்ளே நீங்களே இருந்தால்தான் என்ன என்று ஒரு கணம் ஆசையாகவும் இருந்தது.

அத்தையை ஒதுக்கிவிட்டு ரிமோட்டை அமுக்கினேன். மோட்டார் உறுமியது. ஷட்டரின் இடது பக்கம் ஒரு விரல் உயரம் எழும்பியது, வலது பக்கம் அசையவே இல்லை. கோணலாக நின்று கிரீச்சிட்டுவிட்டு மோட்டார் ஓய்ந்தது. இறக்கி மறுபடி ஏற்றினேன், அதே கதைதான். ஷட்டர் மக்கர் பண்ணினால் முதலில் ரிமோட் பேட்டரி, அப்புறம் கரண்ட், அப்புறம் பூட்டு என்று எனக்குப் பாடம் எடுப்பீர்களே, அதே வரிசையில் பார்த்தேன். மோட்டார் உறுமுவதால் பேட்டரியிலும் கரண்டிலும் குறை இல்லை. இரண்டு பக்கத்துப் பூட்டும் திறந்தே கிடந்தன. அடியில் கல் எதுவும் மாட்டியிருக்கவில்லை. கையால் இழுத்து ஏற்றுகிற சங்கிலி ஒன்று உண்டு, ஆனால் அது உள்ளே அல்லவா தொங்குகிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்? திருடனுக்கு வழி வைக்கச் சொல்கிறாயா என்று சிரித்தீர்கள்.

அந்த விரல் இடுக்கு வழியாகப் பெட்ரோல் புகை வெளியே வந்தது. நான் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

உங்கள் சிநேகிதர் ஆரோக்கியம் அண்ணன் அப்போதுதான் டீ குடித்துவிட்டுத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தார். கடப்பாரையை எடுத்து வந்து அடியில் கொடுத்து நெம்பினார். தகடு வளைந்ததே தவிர ஏறவில்லை. வலது பக்கத்தில் எதுவோ கவ்விப் பிடிக்கிறது என்றார். அவர் முகத்தில் வியர்வை வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாமா எங்கே என்று அத்தையிடம் கேட்டேன். டீக்கடைக்குப் போயிருப்பார் என்றார்கள்.

“நான் அங்கிட்டிருந்துதான் வாரேன். ஐயா அங்க வரலையே” என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

அத்தையின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை, உங்களைக் குளிப்பாட்டிய அன்றுகூட. வலது பக்கத்துக்கு ஓடி, ஷட்டர் ஏறி இறங்குகிற இரும்புக் காடிக்குள் முழங்கால் உயரத்தில் விரலை விட்டுப் பிறாண்டினார்கள். அங்கே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஒரு ஆணியின் தலை தெரிந்தது.

நார்த்தாமலைப் பக்கத்தில் குறி சொல்கிற ஒரு கோடாங்கி மந்திரித்துக் கொடுத்ததாம். செத்தவர் கடைசியாக எந்த வாசல் வழியாக வெளியே வந்தாரோ அந்த வாசலில், சனிக்கிழமை உச்சிப் பொழுதில் அறைந்துவிட்டால் அவர் திரும்ப வர மாட்டார், யாரையும் கேட்கவும் மாட்டார் என்று சொல்லியிருக்கிறார். அத்தை எங்களுக்குத் தெரியாமல் சுத்தியலை எடுத்துப்போய், தன் கையாலேயே தகட்டுக்கும் காடிக்கும் நடுவில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். மாமா அதற்கு முன்பே ஷெட்டுக்குள் போய், சங்கிலியால் ஷட்டரை இறக்கி, காரில் ஏறிக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, இன்னும் ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

“நானே அடைச்சுட்டனே” என்றார்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தும் ஆணியை விடவில்லை.

ஆரோக்கியம் அண்ணன் குறடு கொண்டுவந்து திருகி இழுத்தார். ஆணி வந்ததும் ஷட்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போயிற்று. புகை முகத்தில் அடித்தது. மாமா உங்கள் சீட்டில் சாய்ந்து, வாய் திறந்து கிடந்தார். வெளியே தூக்கிவந்து, நீங்கள் விழுந்த அதே இடத்தில் படுக்கவைத்தோம். வேறு இடம் பார்க்க நேரமில்லை. அவர் மூச்சு இழுக்கிற வரைக்கும் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த அன்று கஞ்சி கொடுத்தபடியே மாமாவிடம் கேட்டேன், அங்கே ஏன் போனீர்கள் என்று.

“ஏசி போட்டா அவன் வாசம் வருதுத்தா” என்றார்.

மூச்சு முட்டவில்லையா என்று கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“முட்டுச்சு. எந்திரிக்கணும்னு தோணல.”

இதற்கு என்னங்க அர்த்தம்? அசந்து தூங்கிவிட்டாரா, இல்லை தெரிந்தே கிடந்தாரா? கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் கூப்பிடவில்லைதானே? இப்படிக் கேட்பதற்கு நானே வெட்கப்படுகிறேன், ஆனாலும் கேட்கிறேன்.

அத்தைக்கு இப்போது பயம் இன்னும் கூடிவிட்டது. ஆணியைப் பிடுங்கிவிட்டோமாம், இனி எதுவும் தடுக்காதாம். மாமாவின் அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிறார்கள். மாமாவோ ஜன்னல் வழியாக ஷெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்று சாப்பிட்டுக் கை கழுவியதும், தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாக, கார் சாவியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நாளைக்குச் சனிக்கிழமை.

வாசத்தைப் பற்றி மாமா சொன்னது உண்மை என்பதுதான் கொடுமை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நானும் அந்தக் கார்க் கதவைத் திறந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் வியர்வையும், எனக்குத் தெரியாது என்று நினைத்து நீங்கள் பிடித்த சிகரெட்டும். உங்கள் சட்டை துணிமணியை எல்லாம் காரியத்தன்றே கொடுத்துவிட்டோம், தலையணை உறையைத் துவைத்துவிட்டார்கள். இந்த வீட்டில் நீங்கள் மிச்சமிருப்பது அந்தக் கார் ஒன்றில்தான். கதவைச் சட்டென்று மூடிவிட்டேன். காற்று பட்டால் போய்விடும் என்று எனக்கும் பதைப்பாக இருந்தது.

ஆனால் மாமாவை நான் விட மாட்டேன். நாளைக் காலையில் காரை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தி, நாலு கதவையும் திறந்து வைக்கப்போகிறேன். ஊர்க் காற்றெல்லாம் புகுந்து வெளியே வரட்டும். வாசம் போகிற வரைக்கும் மூட மாட்டேன், இது சத்தியம். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை நானும் ஏறி உங்கள் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

உங்கள் மனைவி,
உங்கள் அப்பாவை உங்களிடம் அனுப்ப மறுக்கிற மருமகள்,
செல்வி