உன் பேருக்குப் பிறகு என் பேர்

அக்கா,

பக்கத்துக் காம்பரா வீட்டில் கொத்தமல்லி அவிக்கிறார்கள். யாருக்கோ சளி, தடிமன் போல. அந்த வாசம் வந்ததும் உள்ளே இருக்க முடியாமல் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டேன். கொரோனா காலத்தில் காலையும் மாலையும் நீ அவித்துக் குடித்தது இதைத்தானே. எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாய். "ஊசிய விட இது எவ்வளவோ மேலுடி" என்பாய்.

"அப்ப வட்டகொடை டவுன் கடையில இருக்கிற கொத்தமல்லி மூட்டையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல வச்சிருவோம். கொரோனா பயந்து ஓடட்டும்" என்றேன் ஒருநாள். விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் மனம் மாறவில்லை.

தடுப்பூசி வந்த அன்று தேயிலை மலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் காலைப் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் வாசித்தார். பேர் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்று முன்னே வருவதுதான் நம் பழக்கம். எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று நாம் கேட்டதில்லை. அவர்கள் சொல்வார்கள், நாம் போவோம். எப்போதும் உன் பேர் முதலில் வரும், அடுத்தது என் பேர். அன்று ஊசி போடும் பள்ளிக்கூடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகத் தோட்டத்து லொறி நின்றது. உன் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார். நீ என் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றாய்.

"என்னம்மா, காது கேக்கலியா?"

"கேக்குதுங்க ஐயா. லொறியில நான் ஏற மாட்டேங்க."

பெரட்டே உன்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஏறினேன். லொறி வளைவில் திரும்பும்வரை உன்னையே பார்த்துக்கொண்டு போனேன். கூடையை மாட்டிக்கொண்டு நீ தனியாக மலை ஏறிக்கொண்டிருந்தாய்.

பிடிவாதக்காரி என்றார்கள். கொழும்பிலிருந்து உன் மகள் போனில் அழுதாள், "நீங்களாச்சும் சொல்லுங்க சித்தி" என்று. அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது இதே பெரட்டில் உன் பேரைக் கூப்பிட்டார்கள். இதே மாதிரி ஒரு லொறி. கிளினிக் என்றார்கள், உடம்புக்கு நல்லது என்றார்கள். நீயும் "இருக்கேங்க" என்று ஏறினாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாய். அதற்குப் பிறகு ஓர் ஆண்பிள்ளை வேண்டுமென்று முருகனுக்கு நேர்த்தி வைத்தாய், விரதம் இருந்தாய். வருஷக்கணக்கில் காத்திருந்தபின்தான் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாள், உனக்குக் கருத்தடை செய்துவிட்டார்கள், இனிப் பிள்ளை இல்லையென்று. நீ சத்தம் போட்டு அழவில்லை. அடுப்பு ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்டி. ஒருத்தரும் கேக்கலியே."

அதனால் என்னால் உன்னோடு சண்டை போடவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. நீ ஒரு தும்மல் போட்டாலும் ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "அது வேற, இது வேற அக்கா. நான் போட்டேனே, ரெண்டு நாள் காய்ச்சல், எந்திரிச்சிட்டேன்" என்பேன்.

"சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாதுடி."

"வெளியில சிறுத்தை நிக்குது. அடுப்படிதான் பூனைக்கு நல்லது" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, தேயிலைக் கறை படிந்த விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நீயாகச் சொன்னாய்: "லொறியில வர மாட்டேன். ஞாயித்துக்கெழம ஊசி போடுற எடத்துக்கு நாமளா நடந்து போவோம். இது என்ன ஊசி, எதுக்குன்னு நானே கேப்பேன். மூஞ்சியைப் பாத்து பதில் சொன்னாங்கன்னா போட்டுக்கிறேன்." எனக்கு இருந்த சந்தோஷத்தில் உன் சாம்பல் நிறச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தேன். சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. முகத்தை முழுக்க மூடிய ஒருவர், வாசலுக்கு வெளியே நின்று, சிங்களம் கலந்த தமிழில் உன் பேரைக் கூப்பிட்டார். மூச்சு விட முடியாமலும் "இருக்கேங்க" என்றாய். என்னை ஏற்றவில்லை. "அடுப்புல கொத்தமல்லி இருக்கு, எறக்கி வையி" என்று சொல்லிவிட்டு நீயே ஏறிக்கொண்டாய். அதன் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள். பாதையை மூடியிருந்ததால் மகளும் வர முடியவில்லை. அந்த நாட்களில் ரயிலும் ஓடவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசற்படியில் தேத்தண்ணி வைத்துவிட்டு விலகிப் போவார்கள். ஒப்பாரி வைக்கக்கூட ஆளில்லாத சாவு உன்னுடையது. நான் மட்டும் உன் சேலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

இன்றைக்கும் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டால் உடனே பதில் வருவதில்லை. உன் பேர் முதலில் வரட்டும் என்று காது காத்திருக்கிறது. கண்டாக்கு ஐயா இரண்டாவது தடவையும் கூப்பிடுவார், கோபிக்க மாட்டார்.

போன வாரமும் லொறி வந்து நின்றது. பேர் வாசித்தார்கள். "இருக்கேங்க" என்றேன். கால் நகரவில்லை. "எதுக்குங்க ஐயா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, கண் பரிசோதனை, சொட்டு மருந்து விடுவார்கள், வேண்டாதவர்கள் வர வேண்டியதில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதன் பிறகுதான் ஏறினேன்.

கேட்டால் சொல்கிறார்கள், அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் நடந்து போயிருந்தால் உனக்கும் சொல்லியிருப்பார்கள்.