உங்கள் பெயரை எடுக்கச் சொன்னாள் நம் மகள்

என் பவி அப்பாவுக்கு,

இன்று சாயங்காலம் இ-சேவை மையத்துக்குப் போகிறேன், ரேஷன் கார்டிலிருந்து உங்கள் பெயரை எடுக்க. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. புருஷன் போன பிறகும் என்னைப்போலவே கார்டில் கை வைக்காமல் இருக்கிற பெண்கள் மேனாம்பேட்டில் மட்டும் எனக்குத் தெரிந்து மூன்று பேர்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. பவித்ரா அப்போது பத்தாவது. உங்கள் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்து, பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். நான் பேனாவை எடுத்துவிட்டேன். பவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "படிக்காம போடாதம்மா." அழுது வீங்கின கண்ணோடு உட்கார்ந்து, அகராதியைப் புரட்டி ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்ன பிறகுதான் போடவிட்டாள். தான் வக்கீலுக்குப் படிக்கப்போவதாக அவள் சொன்னது அந்த வாரம்தான். உங்கள் சாவிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அது. நான் எடுத்துக்கொண்டது வேறு, பிறகு சொல்கிறேன்.

வக்கீல் படிப்புக்கும் நுழைவுத் தேர்வு உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கோச்சிங் எதுவும் போகவில்லை. பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து வந்து வீட்டிலேயே படித்தாள். எட்டாவது படித்த நான்தான் அவளுக்கு வாத்தியார். நான் பேப்பர் படிக்கும்போதெல்லாம் "இன்னாமே, பேப்பர்ல எழுத்தக் கூட மிச்சம் வெக்க மாட்டியா?" என்று கிண்டல் செய்வீர்களே, அந்தப் பழக்கம் உதவியது. நாட்டு நடப்புப் பகுதிக்கு வேண்டிய செய்திகளை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். எத்தனை சரி, எத்தனை தவறு என்று என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் எழுதினேன்.

தவறாகச் சொன்னால் கால் மதிப்பெண் போய்விடும். தெரியாததை விட்டுவிட்டால் ஒன்றும் போகாது. தெரிந்ததுபோல் சொன்னால்தான் நஷ்டம். எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருக்கிறேன், இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சட்டப் பகுதியில்தான் எங்களுக்குள் சண்டை வரும். ஒரு விதியைக் கொடுத்து, ஒரு சம்பவத்தையும் சொல்லி, இதில் குற்றம் உண்டா இல்லையா என்று கேட்பார்கள். பவி எனக்காகத் தமிழில் மாற்றிச் சொல்லுவாள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் இடத்துக்குள் போனால் குற்றம், என்ன நோக்கமாக இருந்தாலும் சரி. இது விதி. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை, மோட்டார் ஓடித் தண்ணீர்த் தொட்டி வழிகிறது, ஒருவர் சுவர் ஏறிக் குதித்து மோட்டாரை நிறுத்துகிறார். இது சம்பவம்.

"குத்தம் இல்ல," என்றேன். "தண்ணிய காப்பாத்தினவன போயி குத்தவாளின்னுவாங்களா?"

"குத்தம்தாம்மா. விதி இன்னா சொல்லுது? இன்னா நெனச்சிகினு போனாலும் குத்தம்."

"அப்போ அந்த விதிக்கு மனசாட்சி இல்லடி."

"உன் மனசாட்சிக்கு கால் மார்க் போச்சி. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். பத்துக்கு மூன்று வாங்குவேன் நான். அவள் எட்டு, ஒன்பது.

மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோனேன். தேர்வு எழுதினாள், தரவரிசையும் வந்தது. திருச்சியில் இடம் கிடைக்கக்கூடிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாச் சான்றிதழும் ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். எல்லாம் கையில் இருந்தது, வருமானச் சான்றிதழ் ஒன்றைத் தவிர. அதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பவி பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு நான் தனியாகப் போனேன்.

அவர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். "கார்டுல மூணு பேர் இருக்கீங்க. குடும்பத் தலைவர் எங்கம்மா வேலை செய்றாரு?"

"இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வெல்டர் சார்," என்றேன்.

வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது என்று இங்கே எழுதினால் அது இரண்டாவது பொய். மூன்று வருடமாக என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எங்கே வேலை செய்கிறார் என்று, இருக்கிற மனிதரைக் கேட்பதுபோல். சொல்ல ஆசையாக இருந்தது, சொல்லிவிட்டேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுகூட உங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்தோமா என்று ஒரு நினைப்பு ஓடியது. சிரிக்காதீர்கள்.

வியாழக்கிழமை காலையில் போனில் செய்தி வந்தது. தந்தையின் சம்பளச் சான்று இணைக்கப்படாததால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது.

பவி அதை இரண்டு முறை படித்தாள். "அம்மா. அப்பாவுக்கு சம்பள சீட்டு கேக்கறாங்க. நீ இன்னா சொன்ன அங்க?"

சொன்னேன். கார்டில் உங்கள் பெயரை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டாள். அப்போதுதான் நோட்டின் முன்பக்கத்தைக் காட்டினேன். மாதாமாதம் வாங்குகிற ரேஷன் அரிசியை மூன்றாகப் பிரித்து, உங்கள் பங்கை அம்மன் கோவில் அன்னதானத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தேதி போட்டு, கோவிலில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு மாதம்கூட விட்டதில்லை. ஒரு பிடி நாங்கள் தின்றதில்லை. கணக்கு நேராகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் சாவிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தக் கணக்குத்தான்.

நோட்டை அவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஒரு கேள்வி கேக்கறேன். இல்லாத ஆளு பேர்ல வாங்கக் கூடாது, இன்னா நோக்கமா இருந்தாலும். இது விதி. ஒரு அம்மா வாங்கி, கோவிலுக்குக் குடுத்துச்சி. சொல்லு."

"குத்தம்," என்றேன்.

"சரியா சொன்ன," என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "பேர எடுத்தா அப்பா போயிடுவாருன்னு நெனச்சிகினியாம்மா?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தெரியாத கேள்வியை விட்டுவிடலாம் இல்லையா?

பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்கு அடியில் வைத்திருந்த உங்கள் இறப்புச் சான்றிதழை எடுத்தேன். வைத்த நாளிலிருந்து பிரித்துப் பார்த்ததில்லை. குங்குமம் படிந்திருந்தது. பவி அதை ஊதவும் இல்லை, துடைக்கவும் இல்லை, அப்படியே கண்ணாடிக் கவரில் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். வழி நெடுக நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வி.ஏ.ஓ. ஆபீஸுக்குள் போனதும் பவி வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்.

"சார், நான் அன்னைக்கி பொய் சொல்லிட்டேன். அவரு இல்ல. எறந்துட்டாரு."

உங்களைப் பற்றி அந்தச் சொல்லை நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாரிடமும் 'அவரு போனப்புறம்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

அவர் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். பிறகு பவியிடம், "நீதான் லா படிக்கப் போறியா? மொதல்ல அம்மாவ கார்டுல பேர எடுக்கச் சொல்லு. உன் படிப்புக்கு இது ஆவாது," என்றார். பவி சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் சான்றிதழ் வந்தது. பூந்தமல்லி ரோட்டில் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து ஏற்றினோம். ஏற்றி முடிக்கும்வரை நான் கந்த சஷ்டி கவசத்தைப் பாதியிலேயே மறந்து மறந்து முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தேன்.

இடம் கிடைத்துவிட்டது, பவி அப்பா. நேற்றுதான் தெரிந்தது. திருச்சியில் ஐந்து வருடம், விடுதியில். உங்களைப்போலவே நல்ல செய்தியைக் கேட்டதும் முகம் கழுவப் போய்விட்டாள்.

மூன்று வருடம் வாங்கின அரிசிக்கு என்ன பரிகாரம் என்று கேட்டேன். "பரிகாரம்லாம் கோவில்ல கேளும்மா, நான் சட்டம் மட்டுந்தான்," என்கிறாள். எனக்கும் சரியென்றுதான் படுகிறது. அதனால் பெயரை எடுப்பதோடு நிற்கப்போவதில்லை. நோட்டோடு வட்ட வழங்கல் ஆபீஸுக்கும் போய், எந்த மாதம் எவ்வளவு வாங்கினேன் என்று நானே எழுதிக் கொடுக்கப்போகிறேன். திட்டுவார்களா, அபராதம் போடுவார்களா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஆனாலும் வக்கீலுக்குப் படிக்கப்போகிற பெண்ணை அவள் அம்மாவின் பொய் ஒன்று பின்னால் வந்து பிடிக்கக் கூடாது.

உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இனி எந்தப் படிவத்திலும் உங்களை இருப்பதாக எழுத மாட்டேன். யார் கேட்டாலும் குரல் நடுங்காமல் சொல்லப் பழகுவேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தின பிறகு உங்களோடு பேசுவதற்கு எந்த ஆபீஸிலும் விண்ணப்பம் போடவேண்டியதில்லை. அதை நான் விடப்போவதில்லை.

மணி நாலாகிறது, பவி வாசலில் நிற்கிறாள். போய்விட்டு வருகிறேன்.

இன்றிலிருந்து கார்டில் குடும்பத் தலைவியாகப்போகிற,
உங்கள் மனைவி
அமுதா