என் லேப்டாப்பை மட்டும் நீங்கள் திறக்கவில்லை

இன்று காலை சாப்பாட்டு மேஜையில் என் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, உங்களுடைய சின்ன ஸ்க்ரூடிரைவரால் அடிமூடியைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் வாசனை வந்தது. சனிக்கிழமைகளில் உங்கள் சட்டையில் அடிக்கும் அதே வாசனை.

இந்தக் காப்பெல் ஊரில் நமக்குத் தெரிந்த வீடுகளில் உங்கள் கை படாத லேப்டாப் உண்டா? "அங்கிள், ரொம்ப ஸ்லோவா இருக்கு, மெமரி அப்கிரேட் பண்ண முடியுமா?" என்று யாராவது வாசலில் வந்து நின்றால் போதும், நான் போட்ட காபி ஆறிப்போகும். "திறந்து பாக்காம சொல்லக் கூடாதுப்பா" என்பீர்கள். உங்கள் இறுதிச் சடங்கிலும் இதையெல்லாம் சொல்லித்தான் அழுதார்கள். நானும் தலையாட்டினேன்.

எனக்குத் திறக்காமலே பதில் சொன்னீர்கள். கணக்கு எழுதும் வேலைக்காக ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருந்தேன். அதன் மென்பொருளைத் தொட்டாலே லேப்டாப் ஹேங் ஆகிவிடும். "என்னங்க, இதுக்கும் கொஞ்சம் மெமரி போட்டுத் தாங்களேன்" என்றேன். சோபாவில் சாய்ந்து போனைப் பார்த்தபடியே, "அதுல முடியாதும்மா, எல்லாம் போர்டோட ஒட்டினது. உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், விடு" என்றீர்கள். உங்களுக்குத் தெரியாததா என்று வகுப்பையே விட்டேன்.

இப்போது நான் சம்பாதித்தால்தான் வீடு நடக்கும். மறுபடி அதே வகுப்பில் சேர்ந்தேன், மறுபடி ஹேங். மகளிடம் புலம்பியதற்கு, "அம்மா, ஜஸ்ட் லுக் இட் அப்" என்றாள். மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால், மெமரியைக் கூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. நம்பாமல்தான் இன்று திறந்தேன்.

ஒரு மெமரி போர்டோடு ஒட்டித்தான் இருக்கிறது, அதில் நீங்கள் சொன்னது சரி. பக்கத்திலேயே இன்னொன்றைச் செருக ஓர் இடம், காலியாக. ஊரார் லேப்டாப்புக்கெல்லாம் இருந்த நேரம் இதற்கு இல்லாமல் போயிற்று உங்களுக்கு.

மதியம் கடைக்குப் போய் வாங்கி வந்து நானே செருகினேன். மென்பொருள் சட்டென்று திறந்தது. சந்தோஷம் வரவில்லை. நீங்கள் போனதிலிருந்து உங்களை நினைத்து அழுதுகொண்டிருந்தவள், இன்று உங்கள் படத்தின் முன்னால் நின்று வாய்விட்டுத் திட்டினேன். இருந்திருந்தால், "சரி சரி, விடேன்" என்று சிரித்து மழுப்பியிருப்பீர்கள். நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மன்னித்திருப்பேன். இப்போது மன்னிப்புக் கேட்க நீங்கள் இல்லை. கோபம் மட்டும் என்னிடம் இருக்கிறது.